கத்தினால்தான் பொங்கும்

"இந்த வருஷம் கிறிஸ்துமஸ் பீரை நான்தான் காய்ச்சப் போறேன்!" என்று சாப்பாட்டு மேஜையில் அறிவித்தேன்.

எல்ட்ரி உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"நீங்களா?"

"நானேதான்."

"போன மாசம் காப்பி போட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

"அது காப்பி. இது பீர்."

"அதனாலதான் கேக்கறேன்."

எல்ட்ரி என் மனைவி. நாங்கள் இருப்பது அவளுடைய அப்பா விட்டுப்போன பண்ணை வீடு. முன்னால் ஏரி. பின்னால் மலை. நடுவில் நான். நாற்பது வருடம் பெர்கன் நகர நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாயில் விரலை வைத்து 'உஷ்' என்று சொன்னதற்காகவே சம்பளம் வாங்கியவன். ஓய்வு பெற்றதும் இங்கே வந்துவிட்டேன். எனக்கு வயது அறுபத்தாறு. ஆனால் ஏரிக்கரை முழுக்க என்னை இன்னும் 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுகிறது. அன்ஃபின் என்று எனக்கொரு பெயர் இருப்பது தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

இந்த ஊரில் கடையில் வாங்கிய பீரை விருந்தாளிக்குக் கொடுத்தால் விருந்தாளி துக்கம் விசாரிப்பார். வீட்டில் யார் போய்விட்டார்கள் என்று. கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால் புனித தோமாவின் நாள். அதற்குள் எல்லா வீட்டுப் பீப்பாயும் நிறைந்திருக்க வேண்டும். மாமனார் இருந்தவரை அவர் காய்ச்சினார். பிறகு எல்ட்ரி காய்ச்சினாள். நான் விறகு சுமந்தேன்.

விறகு சுமப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பின் எதற்கு இந்தச் சபதம் என்றால், காரணம் ஓர் அறை.

சமையலறை அடுப்பின் பின்சுவரை ஒட்டி ஒரு சின்ன அறை. வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான். அங்கே என் நாற்காலி, என் கம்பளி, என் புத்தகங்கள், என் மதியத் தூக்கம். எல்ட்ரிக்கு அந்த அறையில் தன் தறியைப் போட வேண்டும். தறி என்றால் கைக்குட்டை நெய்கிற தறி அல்ல. கட்டில் அகலம், குதிரை உயரம். இப்போது மாட்டுக் கொட்டகை மாடியில் கிடக்கிறது. அங்கே குளிரில் விரல் விறைக்கிறது என்கிறாள். மூன்று வருடமாக நான் தூங்கும்போதெல்லாம் அறையை அளக்கிறாள். ஒரு நாள் கண் விழித்தபோது அளவு நாடா என் மூக்கைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

ஆகவே சொன்னேன். "பந்தயம் வச்சுக்கலாம். என் பீரை ஊரே குடிச்சிட்டு நல்லா இருக்குன்னு சொன்னா, அறை எனக்கு. அப்புறம் தறிங்கற பேச்சே கூடாது. நல்லா இல்லேன்னா தறி வரட்டும்."

"சரி."

அவ்வளவுதான். 'சரி'. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அவள் யோசிக்காமல் சரி சொன்னது இரண்டே முறை. முதல் முறை, நான் கல்யாணத்துக்குக் கேட்டபோது. அதன் விளைவைத்தான் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

"சனிக்கிழமை மதியம் எல்லாரையும் கூப்பிட்டுடறேன்" என்றாள். "பதினோரு பேர்."

"கூப்பிடு! இருபது பேரைக் கூப்பிடு!"

செவ்வாய்க்கிழமை காய்ச்சினேன். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கொட்டகையில் செப்புக் கொப்பரை ஏற்றினேன். வாசனைக்கு ஜூனிப்பர் புதரின் கிளை போட்டுத் தண்ணீர் காய்ச்சினேன். முளைகட்டி உலர்த்திய பார்லியை அதில் ஊறவைத்து வடித்தேன். வடித்த சாற்றை நான்கு மணி நேரம் கொதிக்கவிட்டேன். புருவம் பாதி கருகியது. மற்றபடி எல்லாம் முறைப்படி. முறை எங்கிருந்து வந்தது? புத்தகத்திலிருந்து. ஒரு ஜெர்மன் பேராசிரியர் எழுதியது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அடிக்குறிப்பு மட்டும் அறுபது.

கடைசியில் ஈஸ்ட் விட வேண்டும். மாமனார் காலத்து ஈஸ்ட். ஒவ்வொரு முறையும் பீப்பாயின் அடியில் தங்குவதை அள்ளி, ஜாடியில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைப்போம். அடுத்த முறைக்கு அதுவே விதை. எல்ட்ரி ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல.

"சாறு எவ்வளவு சூடு இருக்கு?" என்றாள்.

வெப்பமானியைப் பெருமையுடன் காட்டினேன். "சரியா இருபது டிகிரி. பக்கம் நூத்தி முப்பத்தெட்டு."

"அப்பா முழங்கையை விட்டுப் பாப்பாரு. காய்ச்சல்காரன் நெத்தி மாதிரி சுடணும்னு சொல்வாரு."

"காய்ச்சல்காரன் நெத்திங்கறது ஒரு அளவா? எந்தக் காய்ச்சல்? யாரோட நெத்தி?"

"எனக்கென்ன தெரியும்? உங்க பீர். உங்க நெத்தி." ஜாடியைக் கொடுத்தாள். "ஊத்தும்போது கத்த மறந்துடாதீங்க."

இதை உங்களுக்கு விளக்கித்தான் ஆக வேண்டும். எங்கள் ஏரிக்கரையில் ஈஸ்டைப் பீப்பாயில் ஊற்றும்போது, ஊற்றுகிறவர் பீப்பாய்க்குள் குனிந்து, அடிவயிற்றிலிருந்து ஒரு கூச்சல் போட வேண்டும். ஈஸ்ட் தூங்குமாம். கத்தினால்தான் எழுமாம். எவ்வளவு பெரிய கூச்சலோ அவ்வளவு வீரியமான பீர். கூச்சல் ஏரிக்கு அக்கரையில் கேட்க வேண்டும். கேட்டால் அக்கரைக்காரர்கள் 'ஓகோ, அந்த வீட்டில் சனிக்கிழமை விருந்து' என்று தெரிந்துகொள்வார்கள்.

எல்ட்ரி போனதும் கதவைச் சாத்தினேன். ஈஸ்டை ஊற்றினேன். குனிந்தேன். வாயைத் திறந்தேன்.

நாற்பது வருட நூலகம் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஏய்" என்றேன். பீப்பாயின் காதோரம். மெதுவாக. கடைசி மேஜையில் குறட்டை விடுகிற வாசகரை எழுப்புகிற அதே குரலில். பழக்கதோஷம், "மன்னிக்கணும்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

வெளியே வந்தேன். எல்ட்ரி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"கத்தினீங்களா?"

"கத்தினேனே!"

"எனக்குக் கேக்கலையே?"

"காத்து அந்தப் பக்கம்."

எல்ட்ரி கொடியைப் பார்த்தாள். கொடியில் என் சட்டை அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை காலையில் மூடியைத் திறந்தேன். நுரை இல்லை. குமிழி இல்லை. சாறு கண்ணாடிபோல் இருந்தது. அதில் என் முகம் தெரிந்தது. அதற்கும் சந்தோஷம் இல்லை.

பத்து மணிக்கு மறுபடி திறந்தேன். என் முகம். பதினொன்றுக்குத் திறந்தேன். அதே முகம், கொஞ்சம் வயதாகி. காதை வைத்துக் கேட்டேன். பீப்பாய் நூலகம்போல் அமைதியாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

புத்தகத்தைப் புரட்டினேன். 'நொதித்தல் தாமதமானால்' என்று ஓர் அத்தியாயம். காரணங்கள் இருபத்தேழு. ஈஸ்ட் செத்திருக்கலாம். பட்டினியாக இருக்கலாம். அதிகம் சாப்பிட்டிருக்கலாம். காற்று போதாமல் இருக்கலாம். வேண்டாத கிருமி புகுந்து சாறு வினிகராக மாறிக்கொண்டிருக்கலாம். படிக்கப் படிக்க எனக்கே இருபத்தேழும் வந்துவிட்டது. 'மூடியை அடிக்கடி திறக்கக் கூடாது' என்று கடைசி வரியில் போட்டிருந்தது. அதை முதல் வரியில் போட்டால் என்ன பேராசிரியரே!

மதியம் தொலைபேசி அடித்தது. அக்கரை ஷூர் அண்ணன். எழுபத்தெட்டு வயது. ஏரிக்கரையிலேயே நல்ல பீர் அவருடையதுதான் என்பதை அவரே சொல்வார்.

"என்ன மாப்பிள்ளை, ஈஸ்ட் எப்போ ஊத்தப் போறே?"

"நேத்தே ஊத்திட்டேன் அண்ணே."

"ஊத்திட்டியா? சத்தமே காணோமே!"

"கத்தினேன் அண்ணே. காத்து அந்தப் பக்கம்."

"நேத்து ஏது காத்து? என் வீட்டுப் புகைபோக்கியில புகை குச்சி மாதிரி நேரா நின்னுச்சு."

"அப்போ... நீங்க தூங்கியிருப்பீங்க."

"தூங்கறவனை எழுப்பத்தானேய்யா அந்தக் கூச்சல்!"

அரை மணியில் பக்கத்துப் பண்ணை பிரிட்டா அக்கா கூப்பிட்டாள். அவளுக்கும் கேட்கவில்லையாம். அவளுடைய மாடுகளுக்கும் கேட்கவில்லையாம். மாடுகளை விசாரித்தாளா என்று நான் கேட்கவில்லை.

"என்னங்க, பொங்குதா?" என்றாள் எல்ட்ரி சாப்பாட்டின்போது.

"பொங்கிட்டே இருக்கு."

"நான் போய்ப் பாக்கட்டுமா?"

"கூடாது! மூடியைத் திறக்கக் கூடாது. பக்கம் இருநூத்தி ஒம்பது."

"அதான் காலையிலேருந்து பதினாலு தடவை திறந்தீங்களா?"

மீன் முள் தொண்டையில் சிக்கியதாக நடித்தேன். அவள் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். என் நாற்காலியை எங்கே நகர்த்தலாம் என்று யோசிக்கிற பார்வை. அன்று சாயங்காலம் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை காலை. சாற்றில் மறுபடியும் என் முகம். இனி வேறு வழியில்லை. பஸ் ஏறி டவுனுக்குப் போய்ப் பாக்கெட் ஈஸ்ட் வாங்கி வருவது. யாருக்கும் தெரியாமல் போடுவது. இந்த ஊரில் இது சாதாரணக் குற்றமில்லை. வீட்டு ஈஸ்ட் இருக்கும்போது பாக்கெட் ஈஸ்ட் போடுவது, பெற்ற பிள்ளை இருக்கும்போது குடும்பப் படத்துக்கு வாடகைப் பிள்ளை பிடிப்பதுபோல. ஆனால் என் அறை போகிறதே!

"டவுனுக்குப் போறேன். பல் டாக்டர்" என்றேன்.

"எந்தப் பல்லு?"

"எல்லாப் பல்லும்."

"ஐயோ பாவம். நிதானமாப் பாத்துட்டு வாங்க. அவசரமே இல்ல." சால்வையை எடுத்து அவளே என் கழுத்தில் சுற்றிவிட்டாள். மனைவி இப்படிப் பரிவு காட்டினால் கணவன் யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பதினொன்றரைக்குப் பஸ் ஏறினேன். கடையில் பாக்கெட் வாங்கினேன். உள்சட்டைப் பையில் ஒளித்தேன். மூன்று மணிக்குத் திரும்பி வந்து இறங்கினால், நிறுத்தத்தில் பிரிட்டா அக்கா.

"கேட்டுது மாப்பிள்ளை, கேட்டுது!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "உங்க வீட்டுலேருந்துதானே? என்னா சத்தம்! படுத்திருந்த மாடு ரெண்டும் எழுந்து நின்னுடுச்சு!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் 'ஏய்' என்றது செவ்வாய்க்கிழமை. இன்று வியாழன். குளிர்காலத்தில் சத்தம் மெதுவாகத்தான் போகும்போலிருக்கிறது. இருந்தாலும் கிடைக்கிற பாராட்டை விசாரணை பண்ணக் கூடாது.

"நன்றி அக்கா" என்றேன் அடக்கமாக.

பிரிட்டா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

வீட்டுக்கு ஓடினேன். கொட்டகைக் கதவைத் திறந்ததும் நின்றுவிட்டேன். வாசனை! ஆரஞ்சுத் தோலும் புதுரொட்டியும் சேர்ந்த வாசனை. பீப்பாயைச் சுற்றி என் கம்பளி. அதன் மேல் ஒரு ஆட்டுத்தோல். மூடிக்கு மேலே பழுப்பு நுரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே கொடகொடவென்று சத்தம். ஒரு நாடாளுமன்றமே நடந்துகொண்டிருந்தது. பீப்பாயைத் தொட்டேன். சுட்டது. காய்ச்சல்காரன் நெற்றி!

"எல்ட்ரி! பொங்குது! பொங்குது!"

"பொங்கிட்டே இருக்குன்னு நேத்தே சொன்னீங்களே?" என்றபடி வந்தாள்.

"அது... இப்போ இன்னும் நல்லாப் பொங்குது. சுடவும் சுடுது!"

"பொங்கினா சூடு வரும்தானே?"

"பின்னே? பக்கம் நூத்தி எழுபது! எல்லாம் விஞ்ஞானம்!"

"கம்பளி நான்தான் போத்தினேன். தப்பா?"

"பரவாயில்ல. சின்ன உதவி. பாதகமில்ல" என்று பெருந்தன்மையாக மன்னித்தேன். பாக்கெட் ஈஸ்டை அடுப்பில் போட்டுவிட்டு, என் அறைக்குப் போய், என் நாற்காலியில் சாய்ந்து, கம்பளி இல்லாமலேயே நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை மதியம் பதினோரு பேரும் வந்தார்கள். உப்பிட்டு உலர்த்திய ஆட்டுத்தொடை மேஜையில். மெல்லிய ரொட்டி அடுக்கடுக்காக. பூப்போட்ட மரக்கிண்ணத்தில் பீரை நிரப்பினேன். பிறகு நாற்காலிமேல் ஏறினேன். நான்கு பக்கம் பேச்சு தயார் செய்திருந்தேன்.

"நண்பர்களே! நாற்பது வருஷம் புத்தகங்களோட வாழ்ந்தவன் நான். இன்னிக்கு ஒரு பீப்பாயோட உங்க முன்னாடி நிக்கறேன். சாறு நான் காய்ச்சினது. ஈஸ்ட் நான் ஊத்தினது. கூச்சல் நான் போட்டது..."

யாரோ இருமினார்கள். அந்த இருமல் மேஜையைச் சுற்றி வந்தது.

"மொதல்ல ருசி பாக்கறேன், இறங்கு" என்றார் ஷூர் அண்ணன். கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். எனக்கு அந்த அறை, அந்த நாற்காலி, வருகிற இருபது வருட மதியத் தூக்கம் எல்லாம் அவருடைய தொண்டையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ம்" என்றார் ஷூர் அண்ணன்.

மற்ற பத்துப் பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெர்கனில் 'ம்' என்றால் 'ம்' தான். எங்கள் ஏரிக்கரையில் அது ஒரு வெற்றி ஊர்வலம். அவர் இன்னொரு வாய் குடித்து இன்னொரு 'ம்' போட்டார். இரண்டாவது 'ம்' மாமனாருக்கே ஒரே ஒரு முறைதான் கிடைத்ததாம்.

"கேட்டியா எல்ட்ரி!" என்று நான் துள்ளினேன். "ஊரே கேட்டுச்சு! அறை எனக்கு!"

"பொறு மாப்பிள்ளை" என்றார் ஷூர் அண்ணன். "கத்தினவங்களுக்குத்தான் மொதக் கிண்ணம். கத்தினவங்க பீர்தானே அது? அதானே வழக்கம்?"

"அதானே வழக்கம்" என்றார்கள் எல்லாரும்.

"வழக்கத்தை மீறலாமா?" என்று நான் இரண்டு கையையும் நீட்டினேன்.

கிண்ணம் என் கைகளைத் தாண்டிப் போயிற்று. எல்ட்ரியின் முன்னால் போய் நின்றது.

"அண்ணே! கத்தினது நான்!"

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை!"

"செவ்வாய்க்கிழமை எவனுக்கும் ஒண்ணும் கேக்கல. வியாழக்கிழமை பன்னெண்டே முக்காலுக்குக் கேட்டுது. நான் கையில வச்சிருந்த கருவாடு கீழ விழுந்துடுச்சு. அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? சின்னப் பொண்ணா இருக்கும்போது மலை மேலே நின்னு ஆட்டைக் கூப்பிடும். அக்கரையில இருக்கற என் ஆடும் சேந்து கிளம்பிடும்."

"பன்னெண்டே முக்காலுக்கு மாப்பிள்ளை பஸ்ஸுல இல்ல இருந்தாரு?" என்றாள் பிரிட்டா அக்கா. "பல் டாக்டர்கிட்ட போனாராம். எல்லாப் பல்லும்."

பதினோரு பேரும் தங்கள் எல்லாப் பல்லையும் காட்டினார்கள்.

எல்ட்ரி முதல் கிண்ணத்தை நிதானமாகக் குடித்தாள். உதட்டு நுரையைத் துடைத்துக்கொண்டாள். "மூணு பானை சாறு எடுத்துக் கொதிக்க வச்சுத் திரும்ப ஊத்தினேன்" என்றாள் பொதுவாக. "முழங்கையை விட்டுப் பாத்தேன். அப்புறம் கத்தினேன். அவ்வளவுதான். மத்ததெல்லாம் அவர்தான் செஞ்சாரு. நல்லாத்தான் செஞ்சிருக்காரு."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கொன்றது. அவர்கள் எல்லாரும் என்னை அனுதாபத்தோடு பார்த்தார்கள்.

பீர் அவளுடையது என்றால் பந்தயமும் அவளுடையதுதான். வந்தது வந்தார்கள், ஆறு ஆண்கள் சும்மா இருப்பானேன் என்று தறியையும் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டார்கள். அறைக்குள் அது விரற்கடை பிசகாமல் உட்கார்ந்தது. மூன்று வருடம் அளந்ததல்லவா!

எல்லாரும் போன பிறகு கேட்டேன். "எல்ட்ரி, எனக்கு ஒண்ணே ஒண்ணு புரியல. பீர் கெட்டுப்போனா அறை உனக்குத்தானே? பேசாம விட்டிருக்கலாமே. எதுக்குக் காப்பாத்தினே?"

அவள் தறியில் ஒரு கட்டையைத் தட்டிப் பொருத்திக்கொண்டிருந்தாள்.

"கெட்டுப்போயிருந்தா அறை மட்டும்தானே கிடைச்சிருக்கும்? இப்போ அறையும் கிடைச்சுது, பீரும் கிடைச்சுது."

"நான் மட்டும் செவ்வாய்க்கிழமை நிஜமாவே கத்தியிருந்தா?"

"முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு நாளாவது கத்தியிருக்கீங்களா?" என்றாள். அதைக் கொஞ்சம் பிரியமாகத்தான் சொன்னாள். "சரி, நாற்காலி இங்கேயே இருக்கட்டும். உங்களை வெளியே போகச் சொல்லல."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தோற்றாலும் மரியாதையோடு தோற்றிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆக, இன்றும் நான் அதே அறையில், அதே நாற்காலியில்தான் மதியமெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன்: இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, அவற்றில் மாட்டிய கம்பளி நூலை எல்ட்ரி உருண்டையாகச் சுற்றி முடிக்கும் வரை.